சோறு இடும் கை பெயரையும் கேட்கட்டும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்கு அழைத்தபோது செயலாளர் அக்கா, "சலரோகத்தைப் பற்றிக் கதையும், எல்லாருக்கும் பிரயோசனமாயிருக்கும்" என்றார். அக்காவின் சொல்லைத் தட்டவில்லை. சலரோகத்தைப் பற்றியும் பேசுவேன். ஆனால் வீட்டில் சமைத்து உண்பவர்களின் சலரோகத்தைப் பற்றி அல்ல. கோயில் மடத்திலும் தேவாலய வாசலிலும் பஸ் நிலைய வாங்கிலும் படுத்து எழும்புபவர்களின் நோய்களைப் பற்றியும், அவர்களுக்கு எங்கள் சமயத் தலங்கள் செய்துவருவதைப் பற்றியும், இன்னும் செய்யக்கூடியதைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

முதலில், இவர்கள் யார்? "பிச்சைக்காரர்" என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிடுகிறோம். வைத்தியசாலை விடுதியில் பல ஆண்டுகளாக நான் பார்த்தவர்கள் நாலைந்து விதமானவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், காணி விற்றாயிற்று, பார்க்க ஆளில்லை என்ற நிலையில் கோயிலடிக்கு வந்து சேர்ந்த முதியவர்கள். மனநோய்க்கு மருந்து எடுப்பதை விட்டு வீட்டைவிட்டு வெளியேறியவர்கள். மறதி நோயால் வீட்டுக்கு வழி தெரியாமல் போனவர்கள். இவர்களுக்கு வீடு இருக்கிறது, திரும்பிப் போகத்தான் தெரியவில்லை. குடியால் குடும்பத்தை இழந்தவர்கள். போரில் எல்லோரையும் பறிகொடுத்துத் தனியே மிஞ்சியவர்கள். காரணங்கள் வேறு வேறு. ஆனால் மதியம் 12 மணிக்கு இவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. பருத்தித்துறையில் தெருமூடிமடத்தைப் பார்த்திருப்பீர்கள். தெருவுக்கு மேலே கூரை, இரு பக்கமும் திண்ணை. போகிறவர் வருகிறவர் அமரலாம், படுக்கலாம். பழைய வீதிகளில் மடம், கேணி, சுமைதாங்கி, மாடுகள் உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் என்று வரிசையாக வைத்தார்கள். அந்தத் திண்ணையில் படுக்க யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. அதே சமயம் ஆங்கிலேய அரசு 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து, போக்கிடமின்றித் திரிவதையே குற்றமாகப் பார்த்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அது எங்கள் சட்டப் புத்தகத்தில் இருந்துவந்திருக்கிறது. ஒரே மனிதனைப் பற்றி இரண்டு பார்வைகள் இவை. ஒன்று அவனுக்குத் திண்ணை கட்டியது. மற்றது அவன்மேல் வழக்குப் போட்டது.

1877 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் கஞ்சித் தொட்டித் தருமத்தை நடத்தினார். வைத்தியர் என்ற முறையில் இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாட்கணக்கில் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று வயிறு முட்டச் சோறு கொடுத்தால் இரத்தத்தில் உப்புச் சத்துகள் சட்டென்று இறங்கி, இதயமே நின்றுபோகலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். கஞ்சி அதற்கு ஏற்ற உணவு.

எங்கள் வீடுகளில் பிடியரிசிப் பானை இருந்தது. உலையில் போடமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். சைவ வீடுகளில் அது கோயிலுக்கும் பாடசாலைக்கும் போனது. அமெரிக்க மிஷன் வழிவந்த கிறிஸ்தவ வீடுகளில் தேவாலயத்துக்குப் போனது. சமயம் வேறு, பானை ஒன்று. அந்தப் பிடியை எடுத்தவை பெண்களின் கைகள் என்பதை இந்த மண்டபத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். அங்குள்ள மடங்களிலும் சந்நிதியான் ஆச்சிரமத்திலும் வருகிறவர் யாரென்று பாராமல் பந்தி நடக்கிறது. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலைத் தலைமையேற்று நடத்திய துர்க்கா துரந்தரி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் ஓர் ஆசிரியை. கோயிலுக்கு வந்த வருமானம் ஆதரவற்ற பெண் பிள்ளைகளின் வாழ்வுக்கும் போகவேண்டும் என்று துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை வளர்த்தெடுத்தார். கோயில் என்பது கோபுரம் மட்டுமல்ல என்பதற்கு அந்த அம்மையாரின் வாழ்வு சாட்சி.

மற்றச் சமயங்களிலும் இதே ஓட்டம்தான். பிரான்சில் 1839 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ழான் ஜுகான் என்ற ஏழைப் பெண், பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து தன் கட்டிலையே கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. அவர்களுடைய முதியோர் இல்லம் கொழும்பிலும் இருக்கிறது. வின்சென்ட் டி போல் சபையைப் பாரிசில் 1833 இல் தொடங்கியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். இருவர் இருவராக ஏழைகளின் வாசலுக்கே போய்ப் பார்ப்பது அவர்களின் வழக்கம். இஸ்லாத்தில் ஸக்காத் பெற உரியவர்கள் எட்டு வகையினர். அவர்களில் வழிப்போக்கரும் ஒருவர். பௌத்தர்கள் வெசாக் நாட்களில் வீதியோரம் தன்சல் கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் பெருமைக்குரியவை. ஆனால் பெருமையோடு நின்றுவிட்டால் இந்த உரை தேவையில்லை.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. ஒரு கோயில் மடத்தில் மதியச் சோற்றுக்குத் தினமும் வருவார். மற்ற நேரம் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் வரவில்லை. மடத்தில் சமைக்கும் அன்ரி ஒருவர் அதைக் கவனித்தார். "கிழவி ஒருநாளும் பிந்தாதே" என்று சொல்லி, இலை போட்டுக்கொண்டிருந்த பெடியனை அனுப்பித் தேடச் சொன்னார். தேர்முட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தார். பக்கத்தில் நின்றவர்கள் "வெறியில கிடக்குது" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்ரி நம்பவில்லை. 1990 இலக்கத்துக்கு அழைத்தார்.

எங்களிடம் வந்தபோது அம்மாவின் இரத்தச் சீனி 34. குடிவெறி அல்ல, சீனி இறங்கிய மயக்கம். எப்போதோ ஒரு கிளினிக்கில் கொடுத்த சலரோகக் குளிசையை விடாமல் போட்டுவந்திருக்கிறார். ஆனால் முதல்நாள் இரவும் அன்று காலையும் சாப்பாடில்லை. குளிசை உள்ளே, சோறு இல்லை. இன்னும் இரண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் மூளை தப்பியிராது. குளுக்கோஸ் ஏற்றியது நாங்கள். உயிரைக் காப்பாற்றியது அந்த அன்ரியின் "இன்று வரவில்லையே" என்ற எண்ணம்.

பிறகுதான் கஷ்டமான பகுதி. நான்காம் நாள் அம்மா எழுந்து நடக்கிறார். வீட்டுக்கு அனுப்பலாம். எந்த வீட்டுக்கு? கட்டில் அட்டையில் "இனந்தெரியாத பெண்" என்று இருக்கிறது. முதியோர் இல்லம் ஒன்றைக் கேட்டோம். கிராம அலுவலரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கிராம அலுவலரைக் கேட்டோம். இவர் என் பிரிவு வாக்காளர் பட்டியலில் இல்லையே என்றார். அவர் சொன்னதும் பிழையில்லை. முகவரி இல்லாவிட்டால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் அரச உதவி எதுவும் இல்லை. அஸ்வெசும விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவார். இந்த நாட்டில் வைத்தியம் இலவசம், அதற்காக நாம் நன்றியுடையவர்களாக இருக்க வேண்டும். ஆனால் வைத்தியசாலையின் கதவு இவர்களுக்கு உள்ளே வரத் திறக்கிறது, வெளியே போக வழி காட்டுவதில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவரும் அதே அன்ரிதான். சோறு போடும்போது அம்மாவோடு கதைத்து, எந்த ஊர், தகப்பனார் என்ன தொழில், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று கேட்டுவைத்திருந்தார். மடத்துக்குப் பொறுப்பானவர் ஒரு கடிதம் எழுதினார்: "இவர் கடந்த மூன்று ஆண்டுகளாக எமது மடத்தில் தினமும் உணவருந்துபவர், எமக்கு நன்கு தெரிந்தவர்." சட்டப்படி அது போதுமான ஆவணம் அல்ல. ஆனால் விசாரணை தொடங்க அது ஒரு பிடி. எங்கள் சமூக சேவை உத்தியோகத்தர் அதைக் கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போய், பிறப்புப் பதிவைத் தேடியெடுத்தார். அதற்கு ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் மடம் அம்மாவுக்கு ஓர் அறையைக் கொடுத்தது. பின்னர் முதியோர் இல்லத்தில் இரண்டு வருடம் சொந்தப் பெயரோடு வாழ்ந்தார். காலமானபோது இல்லத்தின் கொப்பியில் உறவினர் என்ற இடத்தில் அந்த அன்ரியின் பெயர் இருந்தது.

நான் சொல்லவந்தது இதுதான். வைத்தியசாலையிடம் மருந்து இருக்கிறது, அரசிடம் பணமும் பதிவேடும் இருக்கின்றன. ஒரு மனிதனை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பார்க்கும் வாய்ப்பு இவர்கள் எவரிடமும் இல்லை. அது பந்தி நடக்கும் மடத்திடமும், மாலையில் பாண் கொடுக்கும் தேவாலயத்திடமும், பள்ளிவாசலிடமும்தான் இருக்கிறது. அந்த வாய்ப்பை நாங்கள் சோற்றோடு மட்டும் நிறுத்திக்கொள்கிறோம். சோறு இடும் கை பெயரையும் கேட்டால், நாளைக்கு வராதவரைத் தேடினால், அங்கேயே பாதி வைத்தியம் நடந்துவிடுகிறது.

இனி வைத்தியராகச் சில விடயங்கள். அன்னதானப் பணியில் நிற்கும் எவரும் இவற்றைக் கவனிக்கலாம், படித்த தாதியாக இருக்கத் தேவையில்லை.

முதலாவது, பாதங்கள். கோயிலில் செருப்பைக் கழற்றுகிறோம். சலரோகத்தால் பாதம் மரத்துப்போனவருக்குச் சித்திரை வெயிலில் கொதிக்கும் மணல் சுடுவது தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் எலும்புக்குப் போய், காலையே எடுக்கும் நிலை வரும். கிழமைக்கு ஒருமுறை ஒரு பேசின் தண்ணீரும் துணியும் வைத்துக் கால்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். பெரிய வியாழனில் குருவானவர் பாதம் கழுவும் சடங்கைத் தேவாலயத்தில் பார்த்திருக்கிறோம். சிவனடியாருக்குப் பாதம் கழுவி அமுது படைத்த கதைகளைச் சமய பாடத்தில் படித்திருக்கிறோம். அதையே ஒரு கைவிளக்கோடு செய்யச் சொல்கிறேன்.

இரண்டாவது, இருமல். இரண்டு கிழமைக்கு மேல் இருமுபவரை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் ஒருநாளும் தவறாமல் மருந்து எடுக்க வேண்டும், அதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். வீடில்லாதவருக்கு அதை யார் பார்ப்பது? தினமும் சோறு கொடுப்பவர், சுகாதாரப் பகுதியினரோடு பேசி, அதைப் பொறுப்பெடுக்கலாம்.

மூன்றாவது, மயக்கம். விழுந்து கிடப்பவர் எல்லோரும் குடித்தவர் அல்லர். குடித்தவருக்கும் சீனி இறங்கலாம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 ஐ அழையுங்கள்.

நான்காவது, மனநோய். தனியே கதைப்பவரை, குளிக்க மறுப்பவரைப் பேய் என்றோ சாபம் என்றோ ஒதுக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு தடவையோ இரு கிழமைக்கு ஒரு தடவையோ போடும் ஊசிகளே பலரை மனிதரோடு மனிதராக வாழவைக்கின்றன. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநல விடுதி உண்டு. ஆலோசனைக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. நூல் கட்டுவதும் செபிப்பதும் உங்கள் நம்பிக்கை. அதோடு ஊசியும் போகட்டும். தவணைத் திகதியை ஞாபகப்படுத்த ஓர் ஆள் இருந்தாலே போதும்.

ஐந்தாவது, இன்சுலின். குளிரூட்டி இல்லாதவர் அதை எங்கே வைப்பார்? ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள், தண்ணீர் படாதபடி உறையில் போட்டு, நிழலில் வைக்கலாம். மடத்தில் குளிரூட்டி இருந்தால் ஒரு தட்டை இவர்களுக்கு ஒதுக்குங்கள்.

கசப்பான இரண்டொரு வார்த்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பந்திகள் எப்போதும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போகவே மனிதர்கள் போராட வேண்டியிருந்ததை மறக்கக்கூடாது. யாரும் ஓரத்தில் தனியே அமர்த்தப்பட்டால் அது அன்னதானமே அல்ல. உணவுக்கு விலையாகச் சமயம் மாறச் சொல்வதும் அப்படித்தான். பசித்தவரிடம் பேரம் பேசக்கூடாது. இன்னொன்று, படம் எடுப்பது. சோற்றுப் பார்சலை நீட்டியபடி, வாங்குபவரின் முகமும் தெரிய, முகநூலில் போடுகிறோம். ஒரு காலத்தில் ஆசிரியராக, கடைக்காரராக, கமக்காரராக இருந்த மனிதர் அவர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அவமானம் தாங்காமல் பந்திக்கு வருவதையே நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். கணக்குக் காட்ட வேண்டுமானால் அரிசிப் பற்றுச்சீட்டைப் படம் எடுங்கள்.

புலம்பெயர் நாடுகளிலிருந்து இந்த மலரை வாசிக்கும் தோழியருக்கு ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் நீங்கள் அனுப்பும் பணத்தால் எத்தனையோ பேர் உண்கிறார்கள். ஆனால் எல்லோரும் வெள்ளியும் சனியும் திருவிழா நாளும்தான் கேட்கிறீர்கள். அந்த நாட்களில் மூன்று இடத்தில் சோறு மிஞ்சுகிறது. செவ்வாய்க்கிழமை இரவில் ஒன்றும் இல்லை. அடுத்த முறை யாரும் கேட்காத ஒரு நாளைக் கேளுங்கள். அல்லது சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை, பூட்டு உள்ள ஓர் அலுமாரி கட்டிக்கொடுங்கள். கிளினிக் கொப்பியையும் பிறப்புச் சான்றிதழையும் மழையில் நனையாமல் வைக்க ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது.

எங்கள் சங்கம் என்ன செய்யலாம்? புதிதாக ஓர் இல்லம் கட்டவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கல்லூரிக்கு அருகில் அன்னதானம் நடக்கும் ஒரு கோயிலையும் ஒரு தேவாலயத்தையும் தெரிவுசெய்வோம். அங்கே ஒரு கொப்பி வைப்போம். வருகிறவர் விரும்பினால் பெயர், ஊர், வருத்தம், கிளினிக் திகதி. அதைப் பூட்டி வைப்போம், யாருக்கும் காட்ட மாட்டோம். எங்களில் எத்தனை பேர் ஓய்வுபெற்ற தாதிகள், கிராம அலுவலர்கள், எழுதுவினைஞர்கள், சட்டத்தரணிகள்! கிழமைக்கு ஒருவர் இரண்டு மணித்தியாலம் கொடுத்தால், கால் பார்க்க ஆள் உண்டு, கடிதம் எழுத ஆள் உண்டு, பிரதேச செயலகத்துக்குக் கூடப்போக ஆள் உண்டு. மாணவிகளே, நீங்கள் பிடியரிசியை மறுபடி தொடங்கலாம். கூடவே ஒரு சோடி செருப்பும் கொண்டுவாருங்கள்.

1995 ஒக்டோபர் 30 அன்று இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனோம். இந்த மண்டபத்தில் என் வயதுக்கு மேற்பட்டவர்களில் அன்று கோயில் மண்டபத்திலோ, தேவாலய விறாந்தையிலோ, பள்ளிக்கூடத் தரையிலோ படுக்காதவர்கள் குறைவு. அன்று யாரும் எங்களைப் பிச்சைக்காரர் என்று சொல்லவில்லை. ஊரும் பெயரும் கேட்டு, பாய் விரித்து இடம் கொடுத்தார்கள். அன்று எங்களுக்குக் கிடைத்த அந்த இரண்டு கேள்விகளை, "எந்த ஊர் பிள்ளை, என்ன பெயர்?" என்பதை, இன்று வரிசையில் நிற்பவரிடம் நாங்கள் கேட்க வேண்டும்.

வரும் ஞாயிறு காலை 9 மணிக்குச் சங்க அறையில் முதல் கூட்டம் வைக்கலாம் என்று தலைவி அக்கா சம்மதித்திருக்கிறார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வெளியே போகும்போது செயலாளர் அக்காவிடம் கொடுங்கள்.